மணியக்காரர் வீட்டுப் போஸ்டர்

அன்று செங்கம் சாலை டிடிபி கடையில் இருந்தவர்கள் மூன்றே பேர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ராமதாஸ், அவருடைய அண்ணன் மகன் புகழேந்தி, கடையை நடத்தும் வேதா. தாங்களும் இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்ளும் யாரும் அங்கே இருக்கவில்லை.

ராமதாஸின் அண்ணன் திருமலை பெங்களூரில், மகன் புகழேந்தி வீட்டில் இறந்தார். தகனமும் அங்கேயே ஆகிவிட்டது. சொந்த ஊரான அடி அண்ணாமலையில் யாருக்கும் தெரியாது. கடைக்கு வந்ததற்கு மறுநாள் மதியம் ஊரில் கருமாதி. முந்நூறு பேருக்குச் சமையல் சொல்லியாயிற்று. ஊர் திரண்டு வர வேண்டும். மணியக்காரர் வீட்டு மானம் அதில்தான் இருந்தது. துக்கத்தைப் போனில் அனுப்புவது அந்த வீட்டு வழக்கமில்லை. ஆகவே கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

புகழேந்தி அப்பாவின் பெயரைச் சொல்ல, வேதா தட்டச்சு செய்தார். ராமதாஸ் அதை அழிக்கச் சொன்னார்.

"எங்க அண்ணன் பேரை மொட்டையா செவுத்துல ஒட்டுவாங்களா? 'மணியக்காரர் வீட்டுப் பெரியவர்'னு போடும்மா. படம் இருக்குதில்ல, போதும்."

படம்தான் தெரியவில்லை. புகழேந்தி போனிலிருந்து அனுப்பியதைச் சேர்த்ததும் திரையில் காலிக் கட்டம் ஒன்று வந்தது. வேதா அதை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தார். கட்டம் பெரிதாகி, கருமாதி நேரத்தை அடுத்த பக்கத்துக்குத் தள்ளியது. நேரத்தை மேலே இழுத்தார். 'கண்ணீர்' மேலேயும் 'அஞ்சலி' கீழேயுமாகப் பிரிந்தன.

நேற்றுவரை கம்ப்யூட்டர் நகரவே இல்லையாம். ஓர் ஆள் வந்து சரிசெய்த பிறகு வேகமாக ஓடுகிறதாம். படம்தான் கெட்டிருக்க வேண்டும், வேறு படம் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம் என்றார் வேதா.

ராமதாஸின் சட்டைப்பையில் அவருடைய பாஸ்போர்ட் அளவுப் படம் இருந்தது. தாம் உயிரோடு இருப்பதாக ஓய்வூதிய அலுவலகத்தில் சான்று கொடுப்பதற்காக எடுத்தது. வேதா அண்ணன் படத்தை நீக்கிவிட்டு, இதை ஸ்கேன் செய்து வைத்தார். அதுவும் காலிக் கட்டம்தான்.

"அஞ்சு மணிக்கு மேல பிரஸ்ல ஃபைல் வாங்க மாட்டாங்க சார்."

"அப்பா பேரையாவது போட்றலாம் சித்தப்பா," என்றான் புகழேந்தி.

"ஒண்ணும் வேணாம். கட்டம் காலியாவே இருக்கட்டும், துக்கத்துக்கு அதுதான் பொருத்தம். மணியக்காரர் வீட்டுப் பெரியவர்னா யாருன்னு தெரியாதவன் இந்த ஊர்ல இருக்கானா?"

ஃபைல் போனது. விடிந்ததும் பிரஸ் ஆட்களே கிரிவலப் பாதை முழுக்க ஒட்டினார்கள். சடங்கு முடியும்வரை வீட்டார் வாசல் தாண்டவில்லை.

மதியம் இரண்டாயிற்று. முந்தின நாளே வந்து தங்கிய உறவினர் முப்பது பேர் சாப்பிட்டுக் கை கழுவினார்கள். ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. பாயசத்தில் ஆடை படிந்தது. வடைகள் அண்டாவில் குவிந்து கிடந்தன.

ராமதாஸ் வாசலில் நின்று ஊரின் நன்றிகெட்டதனத்தைப் பேசினார். பௌர்ணமிதோறும் கிரிவலம் வருபவர்களுக்குத் தன் வீட்டுக் குளியலறையைத் திறந்துவிட்டவர் அண்ணன். அண்ணன் பெங்களூர் போன மறுநாளே அதைப் பூட்டியவர் யார் என்பதை அவர் சொல்லவில்லை.

அப்போது தண்ணீர் கேன் போடும் மாறன் உள்ளே வந்தான். ராமதாஸைக் கண்டதும் தோளிலிருந்த கேனை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றான். பிறகு தன் போனை நீட்டினான். காலையில் பஸ் நிறுத்தத்தில் எடுத்த படம். 'மணியக்காரர் வீட்டுப் பெரியவர்' என்ற எழுத்துக்குக் கீழே, கழுத்துப் பொத்தான் வரை போட்டு, ராமதாஸ் முறைத்துக்கொண்டிருந்தார்.

வேதாவின் கம்ப்யூட்டர் வேகமாக ஓடுவதற்காக, அதைச் சரிசெய்த ஆள் திரையில் மட்டும் படங்களை மறைத்து வைத்திருந்தார். அச்சில் எதுவும் மறையவில்லை.

"நீங்க போய்ட்டீங்கன்னு ஊர்ல..." என்று இழுத்தான் மாறன்.

"நான் சாகல. செத்தது எங்க அண்ணன்."

மாறன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அவரா? அவருக்குன்னு தெரிஞ்சிருந்தா ஊரே வந்திருக்குமே சார்."