மூன்றாம் பேஸில் நின்ற சந்தேகம்

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதைக்கூட இரண்டு சாட்சி இல்லாமல் ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதரை நான் புணே பக்கத்துக் கட்கியில் பார்த்தேன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரிடமும் சொல்லுமளவுக்கு அவர் யாரையும் நம்பவில்லை. எங்களுக்கு அவர் செக்கிங் அண்ணாச்சி.

வெடிமருந்துத் தொழிற்சாலை வாசலில் அவருக்கு வேலை. தீப்பெட்டி, லைட்டர், பீடி எதுவும் உள்ளே போகக் கூடாது. தினமும் காலையில் ஆயிரம் சட்டைப் பைகளைத் தடவித் தடவி, மனித குலத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். என் டிபன் பாக்ஸில் இட்லிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். நான் அப்போது கும்பகோணத்திலிருந்து வந்து ஸ்டோர்ஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"அண்ணாச்சி, இட்லிக்கு அடியில யாராவது தீப்பெட்டி வைப்பாங்களா?"

"இதுவரை வைக்கல. அதாம்லே ஷக்கா இருக்கு." ஷக் என்றால் இந்தியில் சந்தேகம்.

இந்த மனிதர்தான் எங்கள் பேஸ்பால் அணியின் கோச். தொழிற்சாலைக்குப் பேஸ்பால் வந்த கதை சுருக்கமானது. விளையாட்டுச் சாமான் பட்டியலில் யாரோ ஒரு வரி தள்ளி டிக் போட்டுவிட்டார்கள். கிரிக்கெட் பேடுக்குப் பதிலாக ஒரு பெட்டி நிறையத் தோல் கையுறைகள் வந்து இறங்கின. தவறு என்று எழுதினால் விசாரணை வரும். அணி ஆரம்பிப்பது சுலபமாக இருந்தது.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மைதானத்தில் நாலு மூலை, பேஸ் என்பார்கள். பந்தை அடித்துவிட்டு ஒவ்வொரு மூலையாக ஓடி, வீடு என்று பேர் வைத்த, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். அரசாங்க உத்தியோகம் மாதிரிதான். மூன்று பேர் அவுட்டானால் அந்தச் சுற்றுக்குக் கடை சாத்திவிடுவார்கள். பந்து வீசுகிறவன் அசந்த நேரம் பார்த்து, யாரும் அடிக்காமலே அடுத்த மூலைக்கு ஓடிவிடவும் செய்யலாம். அதற்குத் திருடுவது என்றே பெயர். வாரத்தில் ஆறு நாள் திருட்டைத் தடுக்கிற அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மூலையருகே நின்று அதைக் கற்றுக்கொடுத்தார்.

எங்களில் ஒருவனுக்கும் பந்தை ஒழுங்காக அடிக்க வராது. எனவே ஓட்டம்தான் ஒரே வழி. அண்ணாச்சியின் கண் எதிர் அணியைத் தலை முதல் கால் வரை தடவும். "அந்த லெஃப்ட்ல நிக்கவன் தோள்ல வலி மருந்து வாடை அடிக்கி. எறிய மாட்டான். ஓடு." உண்மையிலேயே எறிய மாட்டான். அப்படியே முதல் இரண்டு ஆட்டங்களை ஓடியே ஜெயித்தோம். அடுத்த இரண்டு ஆட்டங்களை ஓடியே தோற்றோம். எல்லார் தோளிலும் மருந்து வாடை அடிக்க ஆரம்பித்திருந்தது அவருக்கு.

நான் கொஞ்சம் படித்தவன் என்ற தைரியத்தில் சொல்லிப் பார்த்தேன். "அண்ணாச்சி, மொத்தமே மூணு அவுட்டுதான். ஒரு மூலைக்கு ஆசைப்பட்டு அதுல ஒண்ண விடறது நஷ்டம் இல்லையா?"

"ஓடுதவன் மட்டுமாடே ஓடுதான்? அவன் ஓடுவானோன்னு பயந்தே எதிராளி பந்த தப்பா எறிவான். அந்த பயம் உன் கணக்குல வருமா?"

வராது. இன்றுவரை அந்த விஷயத்தில் யார் சொன்னது சரி என்று எனக்குத் தெரியாது.

போட்டியில் இருந்த எட்டு அணிகளில் நாலு மட்டுமே அரையிறுதிக்குப் போகும். அந்த வருஷம் போகாவிட்டால் அணியைக் கலைத்துவிட்டு, மைதானத்தை முழுசாகக் கிரிக்கெட்டுக்கே கொடுப்பது என்று விளையாட்டுக் கமிட்டி முடிவு செய்துவிட்டது. கடைசி ஆட்டம் கோந்த்வா பக்கத்து அணியோடு. ஜெயித்தால் உள்ளே, தோற்றால் கையுறைகள் ஸ்டோருக்கு. அதாவது என்னிடம்.

அதுவரை எங்கள் பலம் ஒன்றுதான். மற்ற அணிகள் கையசைத்துச் சைகை காட்டும். அண்ணாச்சி தமிழில் உரக்கக் கத்துவார். கட்கித் தமிழர் வீட்டுப் பிள்ளைகள்தான் அணியில் பெரும்பாலும். மராட்டிக்காரனான கேப்டன் ஜாதவுக்குக்கூட 'ஓடு', 'நில்லு' என்று இரண்டே இரண்டு வார்த்தை தெரியும். புணேயில் வேறு யாருக்குப் புரியப்போகிறது?

"கோந்த்வா கேட்சருக்கு புரியும்," என்றார் அண்ணாச்சி. பந்தை வாங்குகிற அந்த ஆள் ஒரு தாடிக்காரன்.

"எப்படிச் சொல்றீங்க?"

"போன மாசம் கேன்டீன்ல பாத்தேன். சட்னிய இட்லி மேல ஊத்தித் திங்கான். நம்மாளு."

ஆட்டத்தன்று காலையில் சோதனையும் செய்தார். தாடிக்காரன் பக்கத்தில் போய் நின்று, "ஒன் கால்ல தேள் ஏறுது," என்று நிதானமாகத் தமிழில் சொன்னார். அவன் அசையவில்லை.

"பாத்தியாடே? தேளுன்னு சொல்லியும் திரும்பல. டிரெய்னிங் எடுத்திருக்கான்."

எனவே புதுச் சட்டம் பிறந்தது. இன்று 'ஓடு' என்றால் நிற்க வேண்டும், 'நில்லு' என்றால் ஓட வேண்டும். ஜாதவ் தலையில் கை வைத்துக்கொண்டான். "தோன் ஷப்த யேத் ஹோதே, அண்ணா. தேஹி கேலே." தெரிந்தது இரண்டு வார்த்தை, அதுவும் போச்சு.

அன்று மைதானத்தில் நடந்ததை வர்ணிப்பது கஷ்டம். அண்ணாச்சி 'நில்லு நில்லு' என்று அலற, எங்கள் ஆட்கள் தெறித்து ஓடினார்கள். ஒருமுறை இரண்டாவது மூலையில் எங்கள் ஆட்கள் இருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். எதிர் அணி எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டே பாதிப் பந்தைத் தவறவிட்டது. கடைசிச் சுற்று வரை ஆட்டம் சமம்.

அந்தச் சுற்றில்தான் நான் மூன்றாவது மூலையை அடைந்தேன். பந்து என் இடுப்பில் பட்டது. அதற்கு இழப்பீடாக ஒரு மூலை கொடுத்தார்கள். மற்ற இரண்டு மூலைகளுக்கும், பின்னால் வந்தவர்களுக்கு இடம்விட்டு நகர்ந்தே போனேன். இரண்டு பேர் அவுட். நான் வீடு போய்ச் சேர்ந்தால் வெற்றி.

அடுத்த பந்து தாடிக்காரனின் கையுறைக்கு அடியில் நழுவி வேலி வரைக்கும் உருண்டது. அவன் எழுந்து அதைத் துரத்தினான். வழி முழுக்கக் காலி. எருமை மாடுகூட நடந்தே போய்ச் சேரலாம்.

"ஓடுலே," என்று கத்தினார் அண்ணாச்சி. "ஓடு, ஓடு."

நான் நின்றேன்.

மட்டை பிடித்திருந்தவன் காற்றை மூன்று முறை அடித்துவிட்டு அவுட்டாகித் திரும்பினான். கூடுதல் சுற்றில் தோற்றோம்.

ஜாதவ் என் சட்டையைப் பிடித்தான். "கா தாம்ப்லாஸ்?" ஏன் நின்றாய் என்று கேட்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி குறுக்கே வந்தார். "மைனே ஹி ருக்னே கோ போலா. கலத்தி மேரா." நான்தான் நிற்கச் சொன்னேன், தப்பு என்னுடையது. ஜாதவ் சட்டையை விட்டான்.

திரும்பும் பஸ்ஸில் அவர் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. சுவார்கேட் தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"அண்ணாச்சி, நீங்க நிஜமாவே ஓடத்தான் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும்."

தெரியாமல் எப்படி இருக்கும்? தொப்பி கீழே விழுந்து, கழுத்து நரம்பு புடைத்து, இரண்டு கையாலும் வீட்டைக் காட்டுகிற மனிதர் சங்கேத மொழியிலா பேசுவார்? பரபரப்பில் தன் சட்டத்தையே மறந்திருந்தார். எனக்குத்தான் பயம். தாடிக்காரன் மோதுவானோ, விழுவேனோ, எல்லாரும் சிரிப்பார்களோ. சட்டம் ஒன்று கைவசம் இருக்கும்போது குமாஸ்தா ஏன் ஓட வேண்டும்?

"எனக்கும் தெரியும்லே," என்றார். "உன் முட்டி ஆடுனத பாத்துக்கிட்டுதான நின்னேன்."

"அப்புறம் ஏன் பழிய நீங்க எடுத்துக்கிட்டீங்க?"

"இல்லன்னா அவன் அடுத்த வருஷம் உன்ன டீம்ல சேக்க மாட்டாம்லா."

"அடுத்த வருஷம் டீமே கிடையாது அண்ணாச்சி. கமிட்டி முடிவு பண்ணிடுச்சே."

ஜன்னல் பக்கமிருந்து மெதுவாகத் திரும்பினார். என் இட்லிகளைப் பார்ப்பதைவிடக் கூர்மையாக என்னைப் பார்த்தார்.

"யாரு சொன்னா?" என்றார்.

கமிட்டியின் ஆணை என் மேஜை மேல், முத்திரையோடு இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கட்கி வந்து சேரும்வரை, எனக்கும் அது சந்தேகமாகவே இருந்தது.