உயிருள்ள ஒரு சொட்டு

போத்தல் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பளபளவென்று கழுவிக் குசினி யன்னலில் கவிழ்த்து வைத்திருந்தது.

"இதுக்குள்ளை இருந்த தண்ணி எங்கை?" பராசக்தி போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அந்த நாறல் தண்ணியோ? ஊத்திப்போட்டன்," என்றார் கணவர் செல்வநாயகம். "சுடுதண்ணியாலை போத்தலையும் கழுவினனான். ஒரு கிருமியும் மிஞ்சாது."

"ஐயோ, அந்தக் கிருமிதானே எனக்கு வேணும்! ஒரு கிழமையா வைக்கல் ஊறப்போட்டு வளர்த்தனான்!"

"வளர்த்தனீரோ? கொதிக்காத தண்ணியைத் தொடாதேங்கோ எண்டு என்ரை உயிரை எடுக்கிறது நீரெல்லே?"

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. சைக்கிளில் ஏறினாள்.

கொடிகாமத்துக்கு அங்காலே அவள் படிப்பித்த சின்னப் பள்ளிக்கூடத்தில், கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் காட்டும் நுணுக்குக்காட்டி ஒன்றே ஒன்றுதான். யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். போனால் இன்னொன்று வராது. பாவிக்காமல் கிடக்கும் நுணுக்குக்காட்டிகளைப் பெரிய பள்ளிக்கூடங்களுக்குத் தூக்கிப்போகக் கல்வி அதிகாரி பரமலிங்கம் இன்றைக்கு வருகிறார். "எங்கடை பிள்ளையள் ஒற்றைக்கல உயிரியளை உயிரோடையே பாக்குதுகள் சேர்" என்று அதிபர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டார். எட்டாம் வகுப்பு விஞ்ஞான ரீச்சர் பராசக்தி. அந்த வாக்கைக் காப்பாற்றுவது அவள் வேலை.

பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் பியோனைப் பிடித்தாள். "தம்பிராசாண்ணை, கிணத்திலை ஒரு வாளி அள்ளுங்கோ, கெதியா."

"கிணத்துத் தண்ணியிலை இனி ஒரு பூச்சியும் இராது ரீச்சர். நேத்துத்தானே குளோரின் போட்டது."

"ஆர் போடச் சொன்னது?"

"நீங்கள்தான். தண்ணியிலை கிருமி இருக்கெண்டு நுண்ணங்கிப் பாடம் படிப்பிச்சீங்கள். பிள்ளையள் எல்லாம் சேந்து குளோரினைக் கொண்டுவந்து கொட்டிப்போட்டுதுகள்."

பராசக்தி வகுப்புக்கு ஓடினாள். மாணவி அருந்ததியின் வீடு குளக்கரையில். "பிள்ளை, ஓடிப்போய் ஒரு போத்தல் குளத்துத் தண்ணி கொண்டு வா. பாசி கிடக்கிற இடத்திலை அள்ளு."

அருந்ததி போனவள் போனவள்தான். பராசக்தி யன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினாள், துடைத்தாள், மறுபடி திருப்பினாள். கடைசியில் அருந்ததி மூச்சு வாங்க வந்து போத்தலை நீட்டினாள். வாங்கிய கை சுட்டது.

"ஏன் பிள்ளை சுடுது?"

"கொதிக்க வைச்சனான் ரீச்சர்," பெருமையாகச் சொன்னாள். "விறகு ஈரம். அதுதான் பிந்திப்போச்சு."

வகுப்பிலேயே நல்லாய்ப் படிக்கிற பிள்ளை. என்னவென்று ஏசுவது?

தம்பிராசாவின் மேசையில் கிடந்த வெறும் போத்தலைப் பறித்துக்கொண்டு குளத்துக்குத் தானே பறந்தாள். பாசிப்படியில் கால் வழுக்கியது. சீலை இடுப்பளவு நனைந்தது, ஒரு செருப்பு குளத்தோடு போயிற்று, போத்தல் மட்டும் நிறைந்தது. திரும்பி வரும்போது அதிகாரியின் சைக்கிள் அதிபரின் கந்தோர் வாசலில் நின்றது.

ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டுக் குனிந்து பார்த்தாள். இருந்தன! செருப்பு வடிவில், ஒரே ஒரு கலத்தால் ஆன பரமேசியங்கள். ஆனால் ஒன்றுகூட அசையவில்லை. செத்துக் கிடந்தன.

போத்தலை மூக்கடியில் வைத்து மணந்து பார்த்தாள். "தம்பிராசாண்ணை, இது என்ன போத்தல்?"

"குளோரின் கரைச்ச போத்தல் ரீச்சர். நல்ல துப்புரவு."

வெளியே அதிபரின் சிரிப்புச் சத்தம் கிட்டே வந்தது.

"எங்கையாலும் ஒரு சொட்டு ஊத்தைத் தண்ணி எடுத்துத் தாங்கோ அண்ணை. உங்களைக் கும்பிட்டன்!"

தம்பிராசா கண்ணாடித் துண்டோடு பின்வாசலால் போய், அதிகாரி முன்வாசலால் வருவதற்குள் புதுச் சொட்டோடு திரும்பி வந்து அதை நுணுக்குக்காட்டியில் வைத்துவிட்டார். பார்த்துக்கொள்ளக்கூட அவளுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. அதிகாரி அவளுடைய ஈரச் சீலையை ஒருமுறை பார்த்தார், பிறகு கண்ணை வைத்தார்.

பிள்ளைகள் இடத்தை விட்டு எழும்பினார்கள்.

"அட! ஓடுதடாப்பா!" அதிகாரி கத்தினார். "ஒண்டு, ரெண்டு... சே, எண்ணேலாது! ஒண்டு ரெண்டாப் பிரியுது பாருங்கோ!"

பிள்ளைகள் நெருக்கியடித்துப் பார்த்தார்கள். அருந்ததி பார்த்துவிட்டு விலக மறுத்தாள். பராசக்தி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த நுணுக்குக்காட்டியை ஆரும் இஞ்சையிருந்து அசைக்கேலாது," என்றார் அதிகாரி. "என்ரை சேவிஸிலை இவ்வளவு உயிரியளை ஒரு சொட்டிலை கண்டதில்லை. எந்தக் குளத்துத் தண்ணி இது?"

பராசக்தி வாயைத் திறக்குமுன் தம்பிராசா பணிவாகச் சொன்னார்:

"குளமில்லை சேர், எங்கடை கந்தோர்க் குடிதண்ணிப் பானை. கிணத்துக்குக் குளோரின் போட முந்தி அள்ளின தண்ணி, வலு ருசியெண்டு நீங்கள் இப்ப ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிக் குடிச்சியளே, அதுதான்."