கணப்புச் சட்டியும் இரண்டு கவர்மெண்டும்

ஒரு வேலையைச் செய்யாமல் விட்டுக் கெடுப்பவர்களைக்கூட மன்னித்துவிடலாம். விழுந்து விழுந்து செய்து கெடுப்பவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். (நான் இரண்டாவது ரகம். சந்தேகமிருந்தால் என் வீட்டுக்காரரைக் கேளுங்கள், சோற்றைக்கூட ஆறவிட்டுவிட்டுச் சொல்வார்.)

சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிள்ளைக்காம்பரா ஆயா நான். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்கு, இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அது. அப்போது பள்ளம் முழுக்க எந்நேரமும் குப்பை எரியும் புகை. பன்னிரண்டு பிள்ளைகளும் சேர்ந்து இருமினால், நான் பாடும் தாலாட்டு எனக்கே கேட்காது.

எரிப்பது யார்? எல்லை கூப்பிடு தூரம். நம்ம ஆபீசில் கேட்டால் கேரளா என்பார்கள், அங்கே கேட்டால் தமிழ்நாடு என்பார்கள். நாங்கள் விடவில்லை, மனு மேல் மனு. கடைசியில் இரண்டு கவர்மெண்டும் சேர்ந்து புகையை அளப்பதென்று, மூன்று நாளைக்கு ஒரு மிஷினைப் பிள்ளைக்காம்பரா முற்றத்தில் நிறுத்தினார்கள்.

"இந்தக் கணக்கை வெச்சுத்தாங்க ரெண்டு பக்கமும் நடவடிக்கை எடுப்பாங்க. ஈரம் மட்டும் படாமப் பார்த்துக்குங்க" என்றார் நம்ம பக்கத்து இன்ஜினியர் மேடம்.

"என் புள்ளை மாதிரிப் பார்த்துக்கறேனுங்க" என்றேன். (வினையே அந்த வார்த்தைதான்.)

ஆடி மாதம் எங்கள் ஊரில் எதுவும் தானாகக் காயாது. கணப்புச் சட்டியில் தணல் போட்டு, மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணியைப் போர்த்தித்தான் காய வைப்போம். மூடுபனியில் மிஷின் சொட்டச் சொட்ட நின்றதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. வேலைக்கு வந்தவுடன் அதன் காலடியில் சட்டியைப் பற்ற வைப்பேன். சாயந்திரம் போகும்போது அணைப்பேன். சூடு வீணாகக் கூடாதென்று பக்கத்திலேயே கூடையைக் கவிழ்த்து வீட்டுக்காரரின் காக்கிப் பேண்ட்டையும் போட்டேன். மூன்று நாளும் இப்படித்தான்.

கணக்கெடுக்கும் நாளன்று, பெரிய மனிதர்கள் வருகிறார்களே என்று எல்லாவற்றையும் உள்ளே வைத்து முற்றத்தைப் பெருக்கினேன். கேரளப் பக்கத்து இன்ஜினியர் சார் மிஷின் தந்த காகிதத்தைப் பார்த்தார்.

"எந்தா இது! எட்டு மணிக்கு எகிறி அஞ்சு மணிக்கு இறங்குது. ஒரு மணிக்கு ஊணு பிரேக் வேற. புகை டியூட்டி பாக்குது மேடம்! இது உங்க பக்கத்துத் தேயிலை ஃபேக்டரிதான்."

"எங்க ஃபேக்டரி ஷிஃப்ட் ஆறு மணிக்குங்க சார். எட்டு டு அஞ்சு உங்க ஆளுங்க நேரம்!"

வார்த்தை முற்றியது. "இனி ஜாயிண்ட் ஒண்ணும் வேண்டா" என்று சார் ஃபைலை மூடினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு டு அஞ்சு என் டியூட்டி. ஒரு மணிக்குத்தான் நான் சாப்பிடப் போவேன், தணல் அடங்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பிக்கலாம். ஆனால் ஃபைலும் மூடியே கிடக்கும்.

"கேரளாவும் இல்லீங்க, ஃபேக்டரியும் இல்லீங்க. நான்தானுங்க" என்று சட்டியையும் பேண்ட்டையும் கொண்டுவந்து வைத்தேன்.

சார் பேண்ட்டை இரண்டு விரலால் தூக்கினார். "இது?"

"எங்க வீட்டுக்காரருதுங்க. நல்லாக் காஞ்சிருச்சுங்க."

எதிலுமே ஒத்துப்போகாத இரண்டு கவர்மெண்டும் ஒரே பார்வையாக என்னைப் பார்த்தன.

மிஷினை ஏற்ற டிரைவர் வந்தார். நான் அதன் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "தப்புப் பண்ணினது நான். இருமறது புள்ளைங்க. இன்னும் மூணு நாள் அளக்காம எடுத்தீங்கன்னா, என்னையும் சேர்த்து வண்டியில ஏத்துங்க!"

உள்ளே ஒரு பிள்ளை இருமியது. அடுத்தது. பிறகு பன்னிரண்டும். இரண்டு பேரும் கதவையே பார்த்தார்கள்.

"மூணு திவசம்" என்றார் சார். "தீ இல்லாம."

அந்த மூன்று நாள் முற்றத்துப் பக்கம் ஒருத்தரையும் பீடி பற்ற வைக்க விடவில்லை. ஈரத்துக்குக் குடை பிடித்து நானே நின்றேன். கணக்கு வந்தது: குப்பை எரிந்தது இரண்டு பக்கமும்தான்! இரண்டையும் நிறுத்தினார்கள். மாசாமாசம் இருவரும் ஒரே ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் பாடுவது இப்போது எனக்குக் கேட்கிறது. (அதில் பெரிய சந்தோஷமில்லை.)

இன்றைக்கும் ஆடி பிறந்தால், வீட்டுக்காரர் ஈரப் பேண்ட்டோடு வாசலில் நின்று கேட்பார்: "ஏ புள்ளை, இதை நீயே காயப் போடுறியா, இல்ல ரெண்டு கவர்மெண்டுக்கும் சொல்லி அனுப்பணுமா?"