ஒரே துளையில் பன்னிரண்டு குண்டுகள்

அடுத்தவர் சரியாக வைத்துவிட்டுப் போன பொருளை நான் மறுபடியும் சரிசெய்வேன். இது வியாதியா, தொழில் பழக்கமா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சோதிப்பதுதான் என் வேலை. தராசு பொய் சொல்கிறதா, மீட்டர் உளறுகிறதா என்று பார்த்து, பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போடுவேன். பத்து வருடம் இப்படிக் கையெழுத்துப் போட்டவனுக்கு, தன் ஸ்டிக்கர் இல்லாத எதையும் நம்பத் தோன்றாது. (வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கும் ஒன்று ஒட்டினேன். என் மனைவி புவனா அன்றே பிய்த்துவிட்டாள்.)

புவனாவின் ஊர் ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில். அவள் அப்பா தணிகாசலம் அங்கே நெல் போடுகிறவர். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவரிடமிருந்து போன் வந்தது. காணும் பொங்கல் விளையாட்டில் புதிதாகப் பலூன் சுடும் போட்டி வைத்திருக்கிறார்களாம். ஏர் ரைபிள் சொந்தமாக இருந்தால் கொண்டுவரலாமாம்.

"மாப்ள, உங்களுக்கு இதெல்லாம் வருமா?"

கல்லூரியில் என்.சி.சி.யில் மூன்று முறை சுட்டிருக்கிறேன். அதில் இரண்டு முறை கண்ணை மூடிக்கொண்டு. "பேர் குடுத்துடுங்க மாமா" என்றேன்.

அவருக்கு அந்தப் பரிசு தேவைப்பட்டது. அடுத்த மாதம் ஏரிப் பாசன சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். எதிரில் நிற்பவர் ஏகாம்பரம். மதகு திறப்பதில் ஆரம்பித்து இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று இரண்டு போகம் ஆகிவிட்டது. போட்டிக்கான பொதுத் துப்பாக்கியை வாங்கிக் கொடுத்தவரும் ஏகாம்பரம்தான். அப்படிப்பட்டவர் கண்ணெதிரில் தணிகாசலத்தின் மாப்பிள்ளை கோப்பையைத் தூக்கிக் காட்டினால் எப்படி இருக்கும்! குடும்ப கௌரவம் என் ஆள்காட்டி விரலில் வந்து உட்கார்ந்தது.

துப்பாக்கிக்கு தயாளனைப் பிடித்தேன். எங்கள் ஸ்டோர்ஸில் வேலை செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சுடுகிற கிளப்புக்குப் போகிறவன். லைசென்ஸ் தேவைப்படாத ஏர் ரைபிள், மேலே கறுப்பாக, குறிபார்க்க ஒரு ஸ்கோப். பையில் வைத்துக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"தபாரு, ஸ்கோப்ல கைய வெக்காத. ஜீரோ பண்ணித்தான் வெச்சுகீறேன். நீ கோட்ட பலூன் மேல வெச்சி அமுக்கு. போதும்."

ஜீரோ என்றால், ஸ்கோப்புக்குள் தெரிகிற குறுக்குக் கோடு எங்கே நிற்கிறதோ அங்கேயே குண்டும் போய் விழும்படி திருத்தி வைப்பது. அதைத்தான் அவன் ஏற்கெனவே செய்துவிட்டானே என்று நீங்கள் கேட்பீர்கள். செய்தான் சரி, ஸ்டிக்கர் எங்கே? தேதி எங்கே? கையெழுத்து எங்கே?

அன்று மாலையே கைப்பேசியில் பாடம் படித்தேன். அமெரிக்காவில் தாடி வைத்த ஒருவர், மான் வேட்டை சீசனுக்கு முன்னால் ஸ்கோப்பை எப்படி ஜீரோ செய்வது என்று வீடியோ போட்டிருந்தார். இங்கே மானைத் தொட்டால் ஜெயில். என் மான்களெல்லாம் கயிற்றில் கட்டிய பலூன்கள். ஆனாலும் அறிவு எங்கிருந்து வந்தால் என்ன? தாடிக்காரரின் இங்கிலீஷில் பாதி எனக்குப் புரிந்தது. எந்தப் பாதி புரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மாட்டுப் பொங்கல் காலையில் எல்லோரும் மாடு குளிப்பாட்டப் போயிருந்தார்கள். நான் வீட்டுக்குப் பின்பக்கம் போனேன். பாதி உருவிய வைக்கோல் போரின் தலையில் ஒரு பிஸ்கட் அட்டைப் பெட்டியை வைத்து, அதில் வட்டம் போட்ட தாளை ஒட்டினேன். போருக்குப் பின்னால் வேலி. வேலிக்கு அப்பால் மூங்கிலில் கட்டிய ஏதோ ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது. யாரோ மறைப்புக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். குறியின் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பார் என்று தாடிக்காரர் சொல்லியிருப்பார். எனக்குப் புரியாத பாதியில்.

மாமனாரின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியின் முதுகில் துப்பாக்கியைச் சாய்த்து, முதல் குண்டைச் சுட்டேன். வட்டத்தின் நடு மத்தியில் துளை.

புத்தியுள்ளவன் அங்கேயே துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு வடை சாப்பிடப் போயிருப்பான். ஆனால் ஒரு அளவை நம்பி நான் கையெழுத்துப் போடுவதில்லை. இரண்டாவது குண்டுக்குத் தோளை இறுக்கினேன், மேலே போயிற்று. மூன்றாவது இன்னும் கொஞ்சம் மேலே.

"பார்த்தாயா தயாளா!" என்று வாய்விட்டே சொன்னேன்.

ஸ்கோப்பின் தலையில் ஒரு குமிழ். அதில் 'மேலே' என்று அம்புக்குறி. குண்டு மேலே போகிறது. அப்படியானால் கோட்டையும் மேலே கொண்டுபோனால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். எவ்வளவு தெளிவான சிந்தனை! அந்தக் குமிழ் நகர்த்துவது கோட்டை அல்ல, குண்டு விழும் இடத்தை என்பதுதான் தாடிக்காரர் சொன்ன மறு பாதி. டிக், டிக், டிக் என்று அது நிற்கிறவரை திருகினேன்.

நாலாவது குண்டைச் சுட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். தாளில் புதுத் துளை எதுவும் இல்லை. ஐந்தாவதுக்கும் இல்லை. ஆறாவதுக்கும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன், குண்டு பெட்டியிலேயே படவில்லை என்று நினைப்பான். நான் நிபுணன் அல்லவா? எல்லாக் குண்டுகளும் நடுவிலுள்ள அந்த முதல் துளை வழியாகவே போகின்றன என்று கண்டுபிடித்தேன். மயிர் கூச்செறிந்தது. அந்த மகிழ்ச்சியிலேயே பதினைந்து வரை சுட்டேன். பிறகு என் நோட்டை எடுத்து, தொழிற்சாலையில் எழுதுவது போலவே கோடு போட்டு எழுதினேன்: "குண்டு 4 முதல் 15 வரை: அனைத்தும் ஒரே துளை. முடிவு: திருப்தி." கீழே தேதி, நேரம், கையெழுத்து.

மத்தியானம் சாப்பாட்டுக்கு இலை போடும்போது தெருவில் சத்தம் கேட்டது.

ஓடினோம். வேலிக்கு அப்பால், சாலைத் திருப்பத்தில் கூட்டம். அங்கே நான் தார்ப்பாய் என்று நினைத்தது, முந்தின இரவு கட்டிய ஒரு ஃபிளெக்ஸ் பேனரின் முதுகு. அதன் முன்பக்கத்தில் என் மாமனார் ஆளுயரத்துக்குக் கைகூப்பி எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில், உள்ளங்கை அகலத்துக்குள், பன்னிரண்டு துளைகள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மனதில் முதலில் வந்தது பயம் அல்ல. 'எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கிறது!' என்ற பெருமை. பயம் அதற்குப் பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. அந்த நேரத்தில் அந்தப் பேனருக்கு முன்னால் யாராவது பஸ்ஸுக்கு நின்றிருந்தால்?

"இது அந்த ஏகாம்பரம் வேலைதான்" என்றார் மாமனார். "எலக்சன்ல நிக்கக்கூடாதுன்னு என்னிய மெரட்டறான். அவன் ஊட்லதான துப்பாக்கி கீது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. பாத்துச் சொல்லுங்க, எப்படியாப்பட்டவன் சுட்டிருப்பான்?"

சொல்லியிருக்கலாம். அதுதான் நேரம். ஊரே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் துளைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாப் பயிற்சி எடுத்தவன் மாமா" என்றேன்.

இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தை நான் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

ஒரு மணி நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. இறங்கியவர் ஒரு பெண் எஸ்.ஐ.; பொங்கல் நாளில் கூப்பிட்டுவிட்டார்களே என்ற கடுப்பு முகத்தில் தெரிந்தது. ஏகாம்பரத்தைத் துப்பாக்கியோடு வரவழைத்தார். முந்தின நாள் அவர் தன் கொல்லையில் அதைச் சுட்டுப் பார்த்ததை நாலு பேர் பார்த்திருந்தார்கள். அவரும் மறுக்கவில்லை.

"சுட்டேம்மா, டப்பாவ சுட்டேன். இவன சுடணும்னா பேனர எதுக்குமா சுடறேன்? தெனமும் மதகு மேல நின்னுகினு என்னியத்தான திட்டிகினு கீறான்!"

"சரி, ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் குடுங்க" என்றார் எஸ்.ஐ.

ஏகாம்பரம் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஜீப்பைப் பார்த்தார். அறுபது வயதுக்காரர். அவர் மனைவி மாட்டுக்குக் கட்ட வைத்திருந்த மாலையோடு அப்படியே நின்றாள்.

என் முதுகில் ஏதோ குத்தியது. திரும்பினேன். புவனா. அவள் கையில் என் நோட்டு.

"நீங்க சொல்றீங்களா, நான் படிக்கட்டுமா?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். "மேடம், சுட்டது நான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. புவனா நோட்டை எஸ்.ஐ.யிடம் நீட்டினாள். அவர் புரட்டினார். பிறகு நல்ல கணீரென்ற குரலில், ஊருக்கே கேட்கும்படி படித்தார்.

"குண்டு நாலு முதல் பதினைந்து வரை... அனைத்தும் ஒரே துளை. முடிவு... திருப்தி." நிமிர்ந்தார். "யாருக்கு சார் திருப்தி?"

முதலில் சிரித்தது ஏகாம்பரம். அவர் ஜீப்பின் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அப்புறம் ஊர் முழுவதும். நான் தலையைக் குனிந்துகொண்டு, எங்கே துப்பாக்கி வைத்தேன், எப்படி வைத்தேன், எந்தக் குமிழைத் திருகினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எஸ்.ஐ. மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்திருந்தால் நான் இப்போது எங்கே இருப்பேன் என்பதைப் பொறுமையாக விளக்கினார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

என் மாமனார் மட்டும் பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு நேராக ஏகாம்பரத்திடம் போனார்.

"தப்பாப் பூட்ச்சி ஏகாம்பரம். ஊரு முன்னால உன்னியச் சொல்லிட்டேன்."

"வுடு தணிகாசலம்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உனக்கு எதிரி நான் இல்லபா. ஊட்டுக்குள்ளயே வெச்சுகீற. சோறு போட்டு!"

இரண்டு போகத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பேசிக்கொண்டார்களாம். தேர்தலில் மாமனார் நிற்கவில்லை. ஏகாம்பரமே தலைவரானார், மதகுச் சாவி மாமனாரிடம் இருக்கிறது. இந்த சமாதானத்துக்கு நான்தான் காரணம் என்று வீட்டில் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். புவனா பார்த்த பார்வையில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் போட்டியில் என் பெயரை அடித்துவிட்டார்கள். பலூன் ஊதிக் கட்டுகிற வேலை கொடுத்தார்கள்.

அடுத்த பொங்கலுக்குப் போனபோது, திருப்பத்தில் புதுப் பேனர். மாமனார் முகத்துக்குப் பக்கத்தில் அதே அளவில் என் முகம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா என்ன மன்னிச்சிட்டாரு" என்று புவனாவிடம் சொன்னேன்.

"அதெல்லாம் இல்ல. உங்க மூஞ்சி பக்கத்துல இருந்தா நீங்க சுடமாட்டீங்கன்னு நைனா வெச்சுகீறாரு."

அதை ஏகாம்பரம் பிடித்துக்கொண்டார். அவர் பேத்தி காதுகுத்து பேனரில் ஒரு மூலையில் என் படம். பிறகு ஊரே பிடித்துக்கொண்டது. கல்யாணமோ, மஞ்சள் நீராட்டோ, கடை திறப்போ, அந்த ஊரில் எந்தப் பேனர் அடித்தாலும் கீழே வலது மூலையில் வட்டத்துக்குள் நான் சிரித்துக்கொண்டிருப்பேன். காப்பீடு மாதிரி.

போன மாதம் தயாளன் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போயிருக்கிறான். சாலைத் திருப்பத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர். இறந்துபோனது ஊரில் ஒரு பெரியவர். ஆனால் தயாளன் கண்ணில் பட்டது மூலையில் இருந்த என் முகம்தான். பைக்கை ஓரம் கட்டிவிட்டு, தழுதழுத்த குரலில் எங்கள் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறான்.

"தங்கச்சி... நம்பவே முடிலமா. எப்பமா ஆச்சு?"

நான் அப்போது கூடத்தில் உட்கார்ந்து நாஷ்டா தின்றுகொண்டிருந்தேன். புவனா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, போனில் நிதானமாகச் சொன்னாள்:

"அது ஆயி நாலு வருஷமாச்சுண்ணா."