காலிக் கட்டத்தில் சனிக்கிழமை

காலியாக ஒரு கட்டத்தைக் கண்டால் அதில் எதையாவது போட்டு அடைக்காமல் சோறு இறங்காத மனிதர் காரைக்கால் வட்டாரத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் எங்கள் அலுவலகத்தில் வந்து சேர்ந்தார். இணையதளம் செய்துதரும் சின்ன அலுவலகம். அவர் நிரல் எழுதுவார், நான் சோதிப்பேன். ‘நிரப்பி’ என்பது நாங்கள் வைத்த பெயர்.

படிவத்தில் ஒன்றை எழுதாமல் விட்டால் அங்கே நாமாக ஒரு மதிப்பை வைப்பதை டீஃபால்ட் என்பார்கள். பெயர் இல்லையென்றால் ‘அன்பர்’. எல்லோரும் செய்வதுதான். நிரப்பிக்கு அது வியாதி. மெஸ்ஸில் நான் வாய் திறக்குமுன், “சாருக்கு ரெண்டு பரோட்டா” என்பார். எனக்குப் பரோட்டா ஆகாது.

“நீங்க சும்மா இருந்தீங்க சார், அதான்.”

திருநள்ளாற்று லாட்ஜ் ஒன்றுக்கு அறை பதியும் தளம் செய்தோம். எங்களுக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் அந்த லாட்ஜ்காரர். ‘குழந்தைகள்’ கட்டத்தில் பூஜ்யம் போட்டாலும் நிரப்பியின் நிரல் அதைக் காலி என்று கொண்டு இரண்டாக்கியது. கல்யாணமே ஆகாத ஒருவருக்கு இரண்டு பிள்ளைகளும் கூடுதல் மெத்தையும் கிடைத்தன.

“பூஜ்யங்கறது ஒரு பதில்யா. காலின்னா பதிலே இல்ல. ரெண்டும் ஒண்ணா?”

“கோயிலுக்கு வர்றவன் புள்ளகுட்டியோடதானே சார் வருவான்?”

அதைத் திருத்தினார். நான் சோதித்து முடித்தபின், யாரையும் கேட்காமல் தேதிக் கட்டத்துக்கும் ஒன்றை வைத்தார்: வருகிற சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமை காலை லாட்ஜ்காரர் போன் செய்தார். தேதி போடாமல் வாடகை மட்டும் விசாரித்தவர்களுக்கெல்லாம் ‘சனிக்கிழமை உங்கள் அறை உறுதி’ என்று குறுஞ்செய்தி போயிருந்தது. வேறு ஊர் லாட்ஜ் என்றால் செய்தியை அழித்திருப்பார்கள். இவர்களோ, சனீஸ்வரனே நாள் குறித்துக் கூப்பிட்டதாக நினைத்து வேன் பிடித்து வந்துவிட்டார்கள்.

“ரூம் ஃபுல்லுங்க. அஞ்சு குடும்பம் வாசல்ல உக்காந்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள இடம் பாத்துக் குடுங்க. இல்லேன்னா உங்க வெப்சைட்டும் வேணாம், நீங்களும் வேணாம்.”

அவர் போனால் எங்கள் அலுவலகத்துக்குப் பூட்டுதான். நிரப்பியை வழியெல்லாம் திட்டியபடி கூட்டிப் போனேன். விசாரித்த எந்த லாட்ஜிலும் இடமில்லை. பைமேல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், “அவரே கூப்புட்டப்புறம் வராம இருக்க முடியுமா தம்பி?” என்றார்.

“அவரு இல்லம்மா. கூப்புட்டது நான்தான்” என்றார் நிரப்பி.

“அப்ப நீதான் எடம் குடுக்கணும்.”

நிரப்பி சுரக்குடி வீட்டில் இருந்த தன் மனைவிக்குப் போன் போட்டார். “அஞ்சு குடும்பம் வருது. உலை வையி.” மறுமுனையில் சத்தமே இல்லை. “சரின்னுட்டா சார்” என்று லோடு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். சாயங்காலம் லாட்ஜ் வாசலில் ஒருவரும் இல்லை. லாட்ஜ்காரர் எங்களை விட்டுப் போகவும் இல்லை.

ஞாயிறு காலை முதல் வேலையாக நெரவியில் இருக்கும் என் வீட்டிலிருந்து இரண்டு ஃப்ளாஸ்க் காபியோடு சுரக்குடிக்குப் போனேன். வீடு கொள்ளாத ஜனம். படுக்க இடமில்லாமல் நிரப்பி வாசலில் நின்ற டிராக்டர் டிரெய்லரில் சாக்கைப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பித் திட்டுவதற்கு எனக்கு இன்னும் நிறைய இருந்தது. அவர் முகத்தில் வெயில் விழாதபடி கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டேன்.