குழந்தைகள் பட்டியலில் நான்

இந்த வீட்டு வைஃபை பெட்டிக்கு இனிமேல் நான்தான் எஜமான் என்று ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சபதம் போட்டேன். அப்போது சம்சாரம் வீட்டில் இல்லை. பெரிய சபதங்களை நான் எப்போதும் அப்படி நேரம் பார்த்துத்தான் போடுவேன்.

காரணம் சொல்கிறேன். சிரிக்காமல் கேளுங்கள்.

நான் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். சம்சாரம் முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கிறாள். சாப்பிடுவது, தூங்குவது போக எனக்கு மிச்சமிருக்கிற ஒரே தொழில், எதிர்வீட்டுச் சலூன்காரரோடு போனில் கேரம் ஆடுவது. அவர் கடையைச் சாத்திவிட்டு ஏழரைக்கு வீடு வந்து சேருவார். அவர் வீட்டு சோபாவில் அவர், என் வீட்டு நாற்காலியில் நான், நடுவில் தெரு. ஆட்டம் சூடு பிடிக்கும். சிவப்புக் காய்க்கு நான் குறி பார்ப்பேன். டக்கென்று எல்லாம் அசையாமல் நின்றுவிடும். ஒரு சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். சக்கரம் சுற்றினால் வண்டி ஓடும் என்றுதான் இத்தனை வருஷம் நான் நம்பியிருந்தேன். இந்தச் சக்கரம் சுற்றினால் நின்றுபோச்சு என்று அர்த்தமாம்.

தினமும் இதே கதை. சரியாக எட்டு மணிக்கு. பாதியில் போனவன் தோற்றவன் என்று அந்த ஆட்டத்தில் விதி வேறு.

சலூன்காரர் வாயைச் சும்மா வைத்திருப்பாரா? கத்தரிக்கோலும் கையுமாக நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொரு தலைக்கும் சொன்னார்: "நம்ம டிரைவர் அண்ணனை எட்டு மணிக்கெல்லாம் தூங்க வெச்சிடறாங்கப்பா!" தலையைக் கொடுத்தவன் என்ன செய்வான்? சிரித்தான். வெளியே போய் நாலு பேரிடம் சொன்னான். ஒரு வாரத்தில் தெருவில் எனக்குப் பெயர் 'எட்டு மணி'.

பட்டப்பெயர் லேசுப்பட்டதில்லை. என் பஸ்ஸில் ஒரு கண்டக்டருக்கு 'பஞ்சர்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் அடைப்புக்குறிக்குள் 'பஞ்சர்' என்று போட்ட பிறகுதான் இன்னார் வீட்டுக் கல்யாணம் என்று ஜனங்களுக்கே விளங்கியது.

"மாசக் கடைசிக்குள்ள ஒரே ஒரு ஆட்டம் முழுசா ஆடிக் காட்டுங்க அண்ணே. பேரை வாபஸ் வாங்கிக்கறேன். இல்லேன்னா ஆயுசுக்கும் எட்டு மணிதான்" என்றார் சலூன்காரர்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"ஏம்மா, டெய்லி எட்டு மணிக்கு நெட்டு போயிடுதே, ஏன்?"

"போகலை. நான்தான் நிறுத்தறேன்." ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். அடுப்பை நிறுத்தினேன் என்று சொல்கிற மாதிரி.

"நீ நிறுத்தறியா!"

"பேரப்பசங்க லீவுக்கு வந்தப்ப, குழந்தைகள்னு ஒரு பட்டியல் போட்டு நேரம் வெச்சேன்ல? அதுல உங்க போனையும் சேர்த்துட்டேன்."

"குழந்தைகள் பட்டியல்லயா? என்னையா?"

"சாப்பிட வாங்கன்னு தொண்டைத் தண்ணி வத்தக் கூப்பிடறேன். காதுலயே விழறதில்ல. யாருக்கு அப்படி விழாது?"

நான் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன்.

"சரி, பேரனுக்கு எத்தனை மணி வரைக்கும்?"

"எட்டரை."

"அந்தப் பொடியனுக்கு எட்டரை, எனக்கு எட்டா?"

"அவன் சொன்னா கேக்கறான்."

போனிலேயே தனியாக நெட் போட்டுக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வீட்டில் வைஃபை இருக்கும்போது அது எதற்கு வீண் செலவு என்று போன வருஷம் அதை நிறுத்திய புத்திசாலி யார் தெரியுமா? நானேதான்.

அதனால்தான் சபதம். அவள் தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்த நேரம். வழி சொன்னவர் சலூன்காரரே. "ஜெயிச்சு ஜெயிச்சு எனக்கே சலிச்சுப் போச்சு அண்ணே" என்றார். பெட்டியைக் கவிழ்த்தால் அடியில் புள்ளி வைத்து ஒரு நம்பர் இருக்கும், அதைப் போனில் அடித்தால் பெட்டியின் செட்டிங்ஸ் வரும், அதில் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும், இரண்டுக்கும் 'அட்மின்' என்று போட்டால் போதும் என்றார்.

கவிழ்த்தேன். அடித்தேன். கேட்டது. போட்டேன். 'தவறு' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மாற்றி வைத்திருக்கிறாள்!

யோசித்தேன். இத்தனை வருஷக் குடித்தனம். என் பெயரைத்தான் வைத்திருப்பாள் என்று ஆசை ஆசையாக அடித்தேன். தவறு. மகள் பெயர். தவறு. பேரன் பெயர். தவறு. அவள் தம்பி பெயர். அதுவும் தவறு என்று வந்தபோது எனக்கே ஒரு சின்ன சந்தோஷம். அப்புறம் பெட்டி, போதும் போய் வேலையைப் பார் என்கிற தினுசில் பூட்டிக்கொண்டது.

விடுவேனா? கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். பாட்டு முடிந்து ஒரு பெண் பேசினாள். தேன் குரல்.

"சொல்லுங்க சார், எப்படி உதவணும்?"

"பாஸ்வேர்டு மறந்துபோச்சும்மா. புதுசு வேணும்."

"கனெக்‌ஷன் ஒரு மேடம் பேர்ல இருக்கே சார்?"

"என் சம்சாரம்தான்." கனெக்‌ஷன் வாங்கின அன்றைக்கு, வரிசையில் யார் நிற்பது என்று சோம்பல்பட்டு அவளை நிற்க வைத்தது நான். அங்கே கையெழுத்துப் போட்டவள் இன்றைக்கும் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"பரவாயில்லை சார். அவங்க பிறந்த தேதி சொல்லுங்க, சரிபார்த்துக்கறேன்."

நான் தலையைச் சொறிந்தேன். "மழைக்காலம்" என்றேன்.

"தேதி சார்?"

"நல்ல மழைன்னு அவங்க அம்மா சொல்லிருக்காங்க."



"சார், கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆச்சு?"

"அதுவும் சரிபார்க்கறதுக்கா?"

"இல்ல சார், சும்மா கேட்டேன். தேதி தெரிஞ்சதும் கூப்பிடுங்க."

அன்று ராத்திரி தட்டின் முன்னால் உட்கார்ந்து, போகிற போக்கில் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன்.

"ஏம்மா, உன் பிறந்த நாள் என்னைக்கு வருது?"

கரண்டி அந்தரத்தில் நின்றது. "எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கற ஆளா நீங்க?"

"ஒரு தடவையாவது கொண்டாடலாமேன்னு..." வாய் தானாக உளறியது. பிரேக்கும் பிடிக்கவில்லை.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "வர்ற வெள்ளிக்கிழமைங்க" என்றாள். "நல்லவேளை கேட்டீங்க. எனக்குத் தைக்கறப்ப முதுகு வலிக்குது. சாய்ஞ்சு உட்கார்ற நாற்காலி ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். அன்னைக்கு ஒரு நாள் சமையலும் நீங்களே பண்ணிடுங்க. எதிர்வீட்டுல ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டுடறேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. என் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நான் எடுத்தது சர்க்கரை என்பதைச் சாப்பிடும்போது தெரிந்துகொண்டேன். சலூன்காரர் ஒரு வாய் வைத்தார், என்னைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார். பெண்கள் இருவரும் புது நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நான் நைசாக மொட்டை மாடிக்கு நழுவினேன்.

அதே பெண். அதே தேன். தேதியைச் சொன்னேன்.

"பதிவுல இருக்கறது வேற தேதி சார்."

"வேறயா! இப்பத்தானேம்மா கேக் வெட்டினோம்!"

"நல்லது சார். என் வாழ்த்தும் சொல்லிடுங்க. ஆனா தேதி வேற."

படி இறங்கும்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வீட்டுக்காரி தப்புத் தேதி சொல்லியிருக்கிறாள். தப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்? அதைச் சொன்னால் மாட்டிக்கொள்வேன். வயிற்றில் கோபம், முகத்தில் சிரிப்பு. நாலு பேருக்கும் டீ வேறு நான்தான் போட்டேன்.

"ஏம்மா, இன்னைக்கு நிச்சயமா உன் பிறந்த நாள்தானா?"

"ஏங்க, இல்லேன்னு யாராவது சொன்னாங்களா?"

"யாரு சொல்லுவா? சும்மா ஒரு இதுக்கு..."

சலூன்காரர் சம்சாரம் எனக்குத் தெய்வமாக வந்தாள். "எனக்குப் பள்ளிக்கூடத்துல வேற தேதிக்கா" என்றாள்.

"எனக்கும்தான்" என்றாள் என் வீட்டுக்காரி. "சேர்க்கப் போன இடத்துல எங்கப்பாவுக்குத் தேதி மறந்துபோச்சு. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டு வந்துட்டாரு. ஆம்பளைங்களுக்கு எந்தக் காலத்துல இதெல்லாம் ஞாபகம் இருந்திருக்கு? இன்னைக்கு வரைக்கும் கார்டு, பாரம் எல்லாத்துலயும் அந்தத் தேதிதான்."

"அது என்னைக்கு?" என்று பாய்ந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்துவிட்டது.

"இந்த மாசக் கடைசித் தேதி, ஞாயித்துக்கிழமை வருது. ஏங்க?"

"அய்யோ, அண்ணன் அதையும் கொண்டாடப் போறாரு பாருங்கக்கா!" என்று கைதட்டினாள் அந்தத் தெய்வம். தட்டிவிட்டுத் தன் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். சலூன்காரர் என் பக்கம் குனிந்து, "அண்ணே, ஏன் என் பொழைப்பையும் சேர்த்துக் கெடுக்கறீங்க?" என்று பல்லைக் கடித்தார்.

இரண்டாவது பிறந்த நாளுக்கு நாற்காலி போதாது என்று ஆகிவிட்டது. வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் கழற்றித் துவைத்தேன். மின்விசிறி இறக்கைகளைத் துடைத்தேன். பரணில் கல்யாணமான வருஷத்திலிருந்து குடியிருந்த தூசியைக் காலி செய்ய வைத்தேன். சமையலில் இந்தத் தடவை உப்பே போட்டேன். கேட்டுக் கேட்டு, காட்டச் சொல்லி, நக்கிப் பார்த்துப் போட்டேன். எதிர்வீட்டார் வந்தார்கள், சாப்பிட்டார்கள். அன்றைக்குத்தான் கெடு. மணி ஏழரை தாண்டியது. சலூன்காரர் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "என்ன அண்ணே, ஆடலாமா?" என்று கண்ணடித்தார்.

"இதோ வர்றேன்" என்று மாடிக்கு ஓடினேன்.

தேதியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் டக் டக் என்று தட்டும் சத்தம்.

"சரியா இருக்கு சார்!" என்றாள். அவளுக்கே சந்தோஷம். எனக்குக் கண்ணில் தண்ணீர்.

"நீ நல்லா இருக்கணும் தாயி! பாஸ்வேர்டைச் சொல்லு!"

"சொல்லக் கூடாது சார். மாத்தறதுக்கு ஒரு நம்பர் வரும். இதோ, பதிவுல இருக்கற போனுக்கு அனுப்பிட்டேன்."

"எந்தப் போனு?"

"மேடம் போன்தான் சார். கனெக்‌ஷன் அவங்க பேர்லதானே?"

கீழே முன்னறையில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது.

இறங்கி வந்தேன். சாய்வு நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியை மூக்கு நுனியில் தள்ளிக்கொண்டு, என் சம்சாரம் சபையில் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். "கடவுச்சொல்லை மாற்ற உங்கள் எண் இது. இதை யாரிடமும் பகிர வேண்டாம்." நிமிர்ந்தாள். "யாரிடமும்னு போட்டிருக்கு. நான் என்னங்க பண்ணட்டும்?"

சலூன்காரர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

"உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"முதல் தடவை நீங்க போன் பண்ணப்பவே. பிறந்த தேதி சொல்லாததால உதவ முடியலைன்னு அன்னைக்கே எனக்கு மெசேஜ் வந்துது. சரி, மனுஷன் பாவம், தேதி தெரியாம கஷ்டப்படறாரேன்னு ரெண்டு தேதியையும் சொல்லிட்டேன். இதுல ஏதாவது பொய் இருக்கா?"

இல்லை. அதுதான் கொடுமை. எல்லாம் உண்மை.

"ஒரு ஆட்டம்தானே ஆடணும்னேன். அதுக்கு ஒரு மனுஷனை இந்தப் பாடா படுத்தறது?"

"எங்கே கேட்டீங்க? ஏன் நிறுத்தறேன்னு கேட்டீங்க. பேரனுக்கு எத்தனை மணின்னு கேட்டீங்க. பிறந்த நாள் என்னைக்குன்னு கேட்டீங்க. எனக்கு ஒரு அரை மணி நேரம் கூடப் போட்டுக் கொடும்மான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சபையைப் பார்த்தேன். சபை என்னைப் பார்த்தது. கௌரவம் ஒரு பக்கம், கெடு ஒரு பக்கம். தொண்டையைச் செருமினேன்.

"போட்டுக் கொடும்மா."

"பேஷா! இன்னைக்கு எட்டரை வரைக்கும் போட்டுடறேன். அந்தப் பாத்திரத்தை மட்டும் கழுவி வெச்சுட்டு வந்துடுங்க."

அடுக்களைக்குள் போனேன். நாலு பேர் சாப்பிட்ட பாத்திரம், நான் சமைத்துக் கருக்கி வைத்த பாத்திரம், மலை மாதிரி கிடந்தது. ஒரு குண்டானின் அடி மட்டும் விடவே மாட்டேன் என்றது. சுரண்டிக்கொண்டே இருந்தேன். முன்னறையில் சலூன்காரர் எழுந்து, "சரி, எட்டரை ஆச்சு, நாங்க கிளம்பறோம். அண்ணே, பேரு பேருதான்!" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுபடி டிங் என்றது.

"என்னங்க!" என்று கூப்பிட்டாள் சம்சாரம். "உங்கள் சிக்கல் தீர்ந்ததான்னு கம்பெனி கேக்குது. என்ன போடட்டும்?"

நான் குண்டானைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "நீயே பார்த்து எதையாவது போடும்மா."