கணக்குப்பிள்ளைதான் கொலைகாரன்

டி.வி. தொடரில் துப்பறியும் நிபுணர், வைத்தியரின் கையில் விலங்கை மாட்டியபோது, ஆனந்தராஜின் கையிலிருந்த இட்லித் துண்டு தட்டிலேயே விழுந்தது.

"வைத்தியரா? அவரு எப்படிக் கொலைகாரன் ஆவாரு?" என்று டி.வி.யிடமே கேட்டார்.

'வெள்ளாற்று மாளிகை மர்மம்' அந்தக் காலத்துத் துப்பறியும் நாவல். அது தொடராக வரத் தொடங்கியதிலிருந்து திருவரங்குளம் கடைவீதியில் ஆனந்தராஜுக்குத் தனி மரியாதை. அந்த ஊரிலேயே அந்த நாவல் அவர் வீட்டில் மட்டும்தான் இருந்தது. தன் கடைக்கு மோட்டார் ரிப்பேருக்கு வந்த அத்தனை பேரிடமும், "கணக்குப்பிள்ளைதான் கொலைகாரன். வேணும்னா பாருங்க" என்று சொல்லி வைத்திருந்தார்.

மறுநாள் காலை ராக்கன் தன் தோட்டத்து போர்வெல் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினான். ஆனந்தராஜ் கழற்றிப் பார்த்தார்.

"காயில் கருகிப்போயிருச்சுப்பா. கம்பி புதுசாச் சுத்திக் கட்டணும்."

"நெசமாவாண்ணே?"

"என்னடா கேள்வி இது?"

"இல்லண்ணே, கணக்குப்பிள்ளையையும் இப்படித்தான் அடிச்சுச் சொன்னீங்க. எதுக்கும் ஆலங்குடியில ஒருக்கா காட்டிட்டு வாரேன்."

மோட்டார் மறுபடி வண்டி ஏறியது. மதியத்துக்குள் ஒரு மிக்சியும் இரண்டு ஃபேன்களும் அதே வழியில் போயின. மோட்டாருக்குள் என்ன நடக்கிறது என்று எவனும் எட்டிப் பார்ப்பதில்லை. மெக்கானிக்கின் வாயை நம்பித்தான் தொழிலே ஓடுகிறது.

சாப்பிட வந்தவர் சோற்றைத் தொடாமல் போனை எடுத்தார். யூடியூபில் தொடரின் கடைசிப் பகுதிக்குக் கீழே ஏகப்பட்ட கருத்துகள். 'வைத்தியர் நடிப்பு அருமை.' 'பின்னணி இசை காதைக் கிழிக்குது.' 'எங்க மாமியார் அப்பவே சொன்னாங்க.' இவற்றுக்கு நடுவே ஆனந்தராஜும் எழுதினார்: 'மூல நாவலில் கொலைகாரன் கணக்குப்பிள்ளை. நாவலைக் கொலை செய்தது நீங்கள்.'

ரசத்தோடு வந்த மனைவி மோகனப்ரியா எட்டிப் பார்த்தாள். "என்னங்க, அந்தக் கணக்குப்பிள்ளை விசயத்துல ஒண்ணு..."

"நீ சும்மா இரு. இது இலக்கியப் பிரச்சினை."

சாயங்காலம் பதில் வந்திருந்தது: 'ஆதாரம் இருக்கா அங்கிள்?'

அங்கிள் என்றதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பீரோ மேலிருந்து நாவலை எடுத்து, அட்டையைப் படம் பிடித்துப் போட்டார். அதுவே வினையாகப் போயிற்று. கடைசிப் பக்கத்தைப் போடச் சொல்லி ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள்.

கடைசிப் பக்கம் இருந்தால்தானே போடுவார்? கடைசி இரண்டு அத்தியாயங்களை எப்போதோ கரையான் தின்றுவிட்டிருந்தது. குளத்தூரில் ஒரு வாடகை நூலகத்தை மூடியபோது மோகனப்ரியாவின் அண்ணன் வாங்கிப்போட்ட புத்தகம் அது. கல்யாணப் பெட்டியோடு இங்கே வந்தது. ஆனந்தராஜுக்குத் தெரிந்ததெல்லாம் முதல் பக்கத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்த ஒரே வரி: 'கொலைகாரன் கணக்குப்பிள்ளை.' முன்னால் படித்த புண்ணியவான்கள் அடுத்தவர் ருசியைக் கெடுக்க இப்படி எழுதிவைப்பது வாடகை நூலகங்களில் வழக்கம்தான். முடிவு தெரிந்த புத்தகத்துக்கு முடிவு எதற்கு என்று அவரும் அத்தோடு விட்டுவிட்டார்.

'தொட்டால் உதிரும் புத்தகம். நேரில் வந்தால் காட்டுகிறேன்' என்று பதில் போட்டார். சென்னையிலிருந்து எவன் வரப்போகிறான் என்ற தைரியம்.

வந்துவிட்டார். தொடரை எழுதி இயக்கிய முத்துராமன், அந்த வாரமே காரில் வந்து கடை வாசலில் இறங்கினார். கடைவீதியே கூடிவிட்டது. ராக்கன் முதல் ஆளாக நின்றான்.

"சார், அந்தப் புஸ்தகத்தக் கொஞ்சம் பாக்கலாமா?"

ஆனந்தராஜ் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். புத்தகத்தை எடுத்துவந்த மோகனப்ரியா, "அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு..." என்றாள்.

"அப்புறம் சொல்லு."

முத்துராமன் கடைசிப் பக்கத்துக்குப் போனார். "மிச்சம் எங்க சார்?"

"கரையான்..."

கூட்டம் சிரித்தது. முத்துராமன் சிரிக்கவில்லை. ஆனந்தராஜின் காதருகே வந்தார்.

"எங்களுக்குக் கெடைச்சதும் வால் இல்லாத புஸ்தகம்தான் சார். வைத்தியர்னு நானா ஒட்டவெச்சேன்."

சொல்லிக்கொண்டே முதல் பக்கத்தைப் புரட்டியவர் அப்படியே நின்றார். நூலக முத்திரையைப் பார்த்தார், பென்சில் வரியைப் பார்த்தார், ஆனந்தராஜின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முழுசாப் படிச்ச வாசகர் எழுதிவெச்சிருக்காரு. இதுக்கு மேல என்ன சார் ஆதாரம்? முடிவ மாத்தி எடுத்துடுறேன்."

எடுத்தும் விட்டார். 'மூல நாவலின் உண்மையான முடிவு' என்ற அறிவிப்போடு ஒளிபரப்பானது. கணக்குப்பிள்ளை கையில் விலங்கு ஏறியதும், 'நன்றி: ஆனந்தராஜ், திருவரங்குளம்' என்று திரை முழுக்க எழுத்து வந்தது. கடைவீதியில் சரவெடி வெடித்தார்கள். 'நாவல் படிச்சப்பவே தெரியும், கணக்குப்பிள்ளைதான்' என்று நாவலைக் கண்ணால் பார்க்காதவர்களெல்லாம் கருத்து எழுதினார்கள். ஆனந்தராஜுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

மறுநாள் விடிந்ததும் ராக்கன் மோட்டாரோடு வந்து நின்றான். "ஆலங்குடியில பேரிங்தான் போயிருக்குன்னு சொல்றாங்கண்ணே. நீங்க சொன்னா காயில்தான். கட்டிருங்க."

அவனுக்குப் பின்னால் மிக்சிகள் வரிசையில் நின்றன. டீ கொண்டுவந்த மோகனப்ரியாவைப் பார்த்ததும் ஆனந்தராஜுக்கு மனம் இளகியது.

"என்னமோ சொல்லணும்னியே. இப்பச் சொல்லு."

"பெருசா ஒண்ணுமில்லைங்க. எங்கண்ணன் எனக்கு முன்னாடி ருசிச்சுப் படிச்சிரக் கூடாதுன்னு, வாய்க்கு வந்த ஒரு பேர மொதப் பக்கத்துல பென்சில்ல எழுதிவெச்சது நாந்தாங்க. அப்ப நான் ரெண்டாம் பக்கம்கூடத் தாண்டல."